ஏழாம் மேஜை சொன்ன நன்றி

கதவைத் திறந்ததும் அவளுக்கு முதலில் தெரிந்தது மழை. மழைக்கு முன்னால் ஓர் ஆள். தோளில் கருவிப்பை, கையில் சுருட்டிய ஒயர், தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட ஈரம். இமை முடியில்கூட ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணைச் சிமிட்டினான்... துளி விழுந்தது.

அழகான கண்கள்தான். ஆனால் அவள் அப்படியே நின்றுவிட்டதற்குக் காரணம் கண்கள் அல்ல.

"அலாரம் பாக்க வந்திருக்கேங்க. உள்ள வரலாமா, இல்ல முதல்ல என்னைப் பிழிஞ்சு காயப்போடணுமா?"

அந்தக் குரல்...

அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத்தான் இன்று முதல்முறையாகப் பார்க்கிறாள்.

வீடுகளுக்கு அலாரம் பொருத்தும் நிறுவனம் ஒன்றின் கண்காணிப்பு அறையில் அவளுக்கு வேலை. எங்கோ ஒரு வீட்டில் கதவை உடைத்தால், புகை வந்தால், முடியாதவர்கள் கழுத்தில் தொங்கும் அவசர பட்டனை அழுத்தினால், அந்த வீட்டு அலாரம் தானாகவே போன் போட்டுச் சொல்வது இவர்களிடம்தான். அங்கே யாரும் யாரிடமும் பெயர் சொல்லக் கூடாது. பாதுகாப்பு விதி. உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேஜை எண், வெளியே வேலை பார்க்கும் டெக்னீஷியன்களுக்கு அவரவர் எண். அவள் ஏழாம் மேஜை. மழையில் நிற்கும் இந்த ஆள் நாற்பத்திரண்டு.

ஏழு என்றாலே டெக்னீஷியன்களுக்குப் பயம். அவ்வளவு கறார். ஒருமுறை நாற்பத்திரண்டு தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கெஞ்சியபோது அவள் அசைந்துகொடுக்கவில்லை.

"மேடம், என் குரல் உங்களுக்குத் தெரியாதா? தினம் பேசறோமே."

"குரல நம்பியெல்லாம் நாங்க வேலை பாக்கறதில்ல. ஆபீஸ்ல கேட்டுட்டு மறுபடி கூப்பிடுங்க. நன்றி, வணக்கம்."

எல்லா அழைப்பையும் அப்படித்தான் முடிக்க வேண்டும். அதுவும் விதிதான். அன்று போனை வைக்கும் முன் அவன் கேட்டான். "இந்த நன்றி மனசுல இருந்து வருதா, மேஜையில இருந்து வருதா மேடம்?" அவள் சட்டென்று துண்டித்துவிட்டாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு அவன் ஒருமுறைகூட பாஸ்வேர்டை மறந்ததில்லை. கேட்பதற்கு முன்பே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பான்.

"யாரு பாப்பா வாசல்ல?" என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அலாரத் தம்பியா? உன்கிட்ட சொல்ல மறந்தே போச்சு. ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க. நான்தான் வரச் சொன்னேன்."

அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோய். திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும், கண் இருட்டிக்கொண்டு வரும். அவள் வேலைக்குப் போனால் வீட்டில் தனியாக இருக்கிற மனிதர். அவர் கழுத்தில் கிடக்கும் அந்தச் சின்ன பட்டனை நம்பித்தான் அவள் நிம்மதியாக வேலை பார்க்கிறாள்.

அவள் மெல்ல வழிவிட்டாள். தான் யார் என்று சொல்லவில்லை. வீட்டில் பேசும் குரல் வேறு, மேஜையில் பேசும் குரல் வேறு... கண்டுபிடிக்கட்டுமே, பார்ப்போம். துண்டை எடுத்து நீட்டியபோது உள்ளுக்குள் ஒரு குறும்பு துள்ளியது.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலாரப் பெட்டியைத் திறந்தான். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எத்தனை நாளா எரியுது?"

"போன மாசத்துல இருந்து," என்றார் அப்பா. "பீப் பீப்னு கத்திச்சு. பாப்பாதான் ஒரு பட்டன அமுக்கி வாய மூட வச்சா."

அவளுக்குச் சுருக்கென்றது.

அவன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். பெட்டியிலிருந்து சுவர், சுவரிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து வெளியே. திரும்பி வந்து கேட்டான். "வீட்டு போனை இன்டர்நெட்டுக்கு மாத்தினீங்களா?"

"ஆமா. நான்தான் மாத்தினேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். யார் உதவியும் இல்லாமல், புத்தகத்தைப் படித்துப் படித்து அவளே மாட்டியது. இன்டர்நெட் பெட்டியின் பின்னால் போன் ஒயரைச் சொருகினாள், ரிங் வந்தது, பேசினாள். சுபம்.

"போன் சரியாத்தான் இருக்கு. ஆனா அலாரம் இன்னும் பழைய லைன்லயே நிக்குது. அந்த லைன்தான் செத்துப்போச்சே. ஒரு மாசமா இது போன் போட்டுப் போட்டுப் பாக்குது... எடுக்க ஆளில்ல."

ஒரு மாதம். ஊரில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் காவல் உட்கார்ந்தவள், சொந்த வீட்டின் வாயை அடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்கு இந்த ஒரு மாதத்தில் ஏதாவது ஆகியிருந்தால்? அவர் பட்டனை அழுத்தியிருப்பார், மகளுக்குச் சேதி போயிருக்கும் என்று நம்பித் தரையில் கிடந்திருப்பார். அவள் அந்த மஞ்சள் விளக்கையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

அவன் அதைக் கவனித்தான். ஒயரைச் சீவிக்கொண்டே அப்பாவிடம் பேசினான்.

"எல்லா வீட்லயும் நடக்கறதுதான் ஐயா. இன்டர்நெட் பெட்டியில இருந்து வர்ற லைன் முதல்ல அலாரத்துக்குப் போகணும். அப்புறம்தான் உங்க போனுக்கு. அப்பதான் நீங்க ஊர்க்கதை பேசிட்டு இருந்தாலும், அவசரம்னா அலாரம் உங்க பேச்சை வெட்டிட்டு லைன எடுத்துக்கும்."

"என் பேச்ச வெட்ட இந்த வீட்ல ஏற்கனவே ஒரு ஆள் இருக்கு தம்பி," என்றார் அப்பா, மகளைப் பார்த்து.

வேலையைத் தொடங்குமுன் அவன் கண்காணிப்பு அறைக்குப் போன் போட்டான். வீட்டை டெஸ்ட்டில் போட வேண்டும். டெஸ்ட்டில் இருக்கும் வீட்டிலிருந்து என்ன சிக்னல் வந்தாலும் அங்கே மணி அடிக்காது. திரையின் கீழ்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் ஓடும். வேலை முடிந்ததும் டெக்னீஷியனே கூப்பிட்டு, டெஸ்ட்டிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

எடுத்தது மூன்றாம் மேஜை. அவளுடைய தோழி.

"ஏழாம் மேஜை இல்லையாக்கா இன்னிக்கு?" என்று அவன் கேட்டது தெளிவாகவே அவள் காதில் விழுந்தது. "லீவா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

போனைக் கீழே வைத்தவனை அப்பா விடுவாரா? "அது யாரு தம்பி ஏழு?"

"எங்க ஆபீஸ் மேடம் ஐயா. முகம் பாத்ததில்ல. ரொம்பக் கறாரு... திட்டு வாங்காத ஆளே கிடையாது." அவன் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே சிரித்தான். "ஆனா அவங்க லைன்ல இருந்தா எனக்கு ஒரு தைரியம். நான் எதையாவது விட்டாலும் அவங்க விடமாட்டாங்க. அவங்க பாத்துக்கற வீட்ல இருக்கறவங்க கொடுத்து வச்சவங்க."

அவள் ஓசைப்படாமல் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவினாள். முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே...

திரும்பி வந்தபோது அவன் டெஸ்ட் சிக்னல்களை அனுப்பிக்கொண்டிருந்தான். முதலிரண்டும் சிதைந்து போய்ச் சேர்ந்தன. இன்டர்நெட் வழியாகப் போகும்போது அலாரத்தின் பேச்சு குழறும், கொஞ்சம் நிதானமாகப் பேசவைக்க வேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டு ஏதோ எண்களைத் தட்டினான். மறுபடி அனுப்பினான். பெட்டியில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. இத்தனை வருஷப் பழக்கம், அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சிக்னல் பதிவாகியிருக்கு. வேற ஏதாவது உதவி தேவைப்படுதா?"

ஸ்க்ரூ டிரைவர் அவன் கையிலிருந்து விழுந்து, உருண்டு, சோபாவுக்கு அடியில் போய் நின்றது. அவன் மெதுவாகத் திரும்பினான்.

"...ஏழா?"

அவள் தலையை ஆட்டினாள். கன்னம் இரண்டும் சிவந்து போயின.

"கறாரான ஏழு," என்றாள்.

அவன் விழித்த விழிப்பைப் பார்த்து அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "தம்பி, இவ்வளவு நேரம் நீ நல்லதாத்தான் சொன்ன. பிழைச்ச."

அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. அவசரம் என்றால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் உறுதிசெய்ய வேண்டும்.

"முதல்ல நீங்க. ரெண்டாவது பக்கத்து வீட்டு அக்கா. மூணாவது ஆள் யாருங்க? காலியா இருக்கே."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துபோனது. அந்த இடத்தில் போன வருஷம் வரை ஒரு பெயர் இருந்தது. நிச்சயம் ஆன பிறகு, 'உங்கப்பாவை முதியோர் இல்லம் எதுலயாவது சேத்துட்டு வந்துடு' என்று சொன்னவனுடைய பெயர். அன்றே மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் ஏழாம் மேஜையில் உட்கார்ந்து, அந்தப் பெயரைத் தன் கையாலேயே அழித்தாள்.

"மூணாவது ஆள் யாரும் இல்ல. தேவையும் இல்ல. வேலை முடிஞ்சா கிளம்பலாம்."

அவனுக்கு எதுவும் புரியவில்லை. "இல்ல... இன்னொரு விஷயம் இருக்கு. அலாரப் பெட்டிக்குள்ள பேட்டரி இருக்கு, இன்டர்நெட் பெட்டிக்கு இல்ல. கரண்ட் போச்சுன்னா இது பேசும், அது கேக்காது. ஒரு சின்ன பேக்கப் பேட்டரி போட்டுட்டா..."

"அத நான் பாத்துக்கறேன். எனக்கும் புத்தகம் படிக்கத் தெரியும். நன்றி, வணக்கம்."

இந்த முறை அது மேஜையிலிருந்து வந்த நன்றி என்று கேட்காமலே அவனுக்குத் தெரிந்திருக்கும். அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே அப்பாவும் அவனும் கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வாசல் கதவு இரண்டுமுறை திறந்து மூடியது. பிறகு மழைச்சத்தம் மட்டும்.

அந்த நாளுக்குப் பிறகு அவன் கூப்பிட்டால் பாஸ்வேர்டு, வீட்டு எண், விஷயம்... அவ்வளவுதான். கேலி இல்லை. 'மேடம்' என்ற இழுவை இல்லை. அவளும் விறைப்பாகவே பதில் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் தான்தான் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. பேட்டரி வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள். கடைக்குப் போனால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே... நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஆனால் ஒரு புதுப் பழக்கம் மட்டும் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல், திரையின் கீழ்ப்பக்கம் ஓடும் அந்தச் சாம்பல் வரிகளைப் பார்ப்பாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் டெக்னீஷியன் எண் இருக்கும். நாற்பத்திரண்டு என்று கண்டால் நெஞ்சில் ஒரு சின்னத் துடிப்பு. இப்போது எந்தத் தெருவில் இருக்கிறானோ... குடை கொண்டுபோனானோ இல்லையோ...

ஒரு பிற்பகல், அடித்த காற்றில் பாதி ஊருக்குக் கரண்ட் போனது. கண்காணிப்பு அறையின் திரைகளில் வரிகள் அருவியாகக் கொட்டின. எல்லா மேஜையிலும் போன் அலறியது. அந்தக் களேபரத்திலும் அவள் கண் பழக்கத்தில் ஒருமுறை கீழ்ப்பக்கம் போய்வந்தது.

சாம்பல் வரி ஒன்று. ஓரத்தில் நாற்பத்திரண்டு. நெஞ்சு துடித்தது. முகவரியைப் பார்த்தாள்.

அவள் வீடு.

அவசர பட்டன்.

மணி அடிக்கவில்லை. அடிக்காது. வீடு இன்னும் டெஸ்ட்டிலேயே கிடந்தது. அன்று அதை எடுக்கச் சொல்ல அவன் மறந்திருந்தான். ஊரிலுள்ள டெக்னீஷியன்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற அவளும் மறந்திருந்தாள்.

நடுங்குவதற்குக்கூட நேரம் இல்லை. ஆம்புலன்ஸை அழைத்தாள். அடுத்து பக்கத்து வீட்டு அக்கா. "அக்கா, அப்பா... சாவி பூச்செடித் தொட்டிக்கு அடியில. வாயில சர்க்கரை வைங்க. நான் வந்துட்டே இருக்கேன்." ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

அப்பா குளியலறை வாசலில் சரிந்து கிடந்திருக்கிறார். அக்கா போய்ச் சேர்ந்தபோது நினைவு பாதி போயிருந்தது. மருத்துவமனையில் டாக்டர் ஒரே வரிதான் சொன்னார். "நல்ல வேளை, நேரத்துக்குப் பாத்தீங்க." அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். யாருக்கு என்று தெரியாமல் மனசுக்குள் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

மாலையில் அப்பா தெளிந்து எழுந்ததும் அவளுக்கு உறைத்தது. "அப்பா... நம்ம வீட்லயும் கரண்ட் இல்லையே. சிக்னல் எப்படி வந்துச்சு?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "உன்கிட்ட சொல்லாதீங்கன்னு அந்தத் தம்பி கேட்டுக்கிச்சு. நீ கோவிச்சுட்டு மாடிக்குப் போனதும், மழையில வண்டிக்கு ஓடிப்போய் ஒரு பேட்டரிய எடுத்துட்டு வந்து இன்டர்நெட் பெட்டிக்குப் பின்னால வச்சுட்டுப் போச்சு. 'அவங்க வாங்கறப்போ இத எடுத்துக்கறேன் ஐயா, அதுவரைக்கும் இருக்கட்டும்'னு சொல்லிச்சு."

அவள் கட்டிலின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் மறந்தது ஒன்று, மறக்காமல் செய்தது ஒன்று. கோபப்படுவதா, கும்பிடுவதா?

அறை வாசலில் செருப்புச் சத்தம். அவன்தான். இன்றும் நனைந்துதான் வந்திருந்தான். ஆனால் இன்று கண்ணில் சிரிப்பு இல்லை.

"மூணாம் மேஜை அக்கா சொன்னாங்க. ஐயா எப்படி இருக்கார்?" பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தான். "தப்பு என்னோடது. டெஸ்ட்ல இருந்து எடுக்காம விட்டது நான். மேனேஜர்கிட்ட நானே சொல்லிட்டேன். என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரின்னுட்டேன். அத உங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"ஏன் மறந்தீங்க?" மேஜைக் குரலில்தான் கேட்க நினைத்தாள். வீட்டுக் குரல்தான் வந்தது.

அவன் தரையைப் பார்த்தான். "இத்தனை வருஷத்துல ஒரு வீட்டையும் மறந்ததில்ல. அன்னிக்கு... ரெண்டு வருஷமா எந்தக் குரலைக் கேக்கறதுக்காகவே வேலைக்குப் போனேனோ, அந்தக் குரல் என் முன்னால நின்னு பேசிச்சு. நான் ஏதோ கேட்டு, அது உடைஞ்சும் போச்சு. அப்புறம் எதுவும் ஞாபகத்துல இல்லைங்க. அவங்க வீட்ல கரண்ட் போனா என்ன ஆகும்ங்கறத தவிர."

வெளியே மழை சற்றுத் தணிந்திருந்தது. அவள் எழுந்து அவன் எதிரில் வந்து நின்றாள்.

"நானும்தான் மறந்தேன். உங்க மேனேஜர்கிட்ட நானும் சொல்லப்போறேன்," என்றாள். பிறகு, இன்னும் மெதுவாக, "சாம்பல் வரிய யாரும் பாக்கமாட்டாங்க. இன்னிக்கு நான் எப்படிப் பாத்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"எப்படி?"

"உங்க நம்பரைத் தேடித்தான். தினமும் தேடுவேன்."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... இப்போது அவற்றில் இருந்தது மழைத்துளி இல்லை.

அவளுக்கு அதற்கு மேல் அவனைப் பார்க்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்துக் கண்காணிப்பு அறைக்குப் போட்டாள். எடுத்தது மூன்றாம் மேஜை. பாஸ்வேர்டைச் சொன்னாள். "எங்க வீட்ட டெஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க."

"எடுத்தாச்சுடி. அப்பா நல்லா இருக்காரா? சரி... விதிப்படி கேக்கணும். அவசரத்துக்கு மூணாவது ஆள் இன்னும் காலியாவே இருக்கு. அப்படியே விடவா?"

"வேணாம். நம்பர் தரேன்." பார்க்காமலே ஒப்பித்தாள். அவனுடைய கைப்பேசி எண். எத்தனை நாள் திரையில் பார்த்திருக்கிறாள்.

"ஏய்... இது யாரு நம்பர்னு எனக்குத் தெரியும்." மறுமுனையில் சிரிப்பு. "உறவு என்னன்னு போட?"

அவள் தயங்கினாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டிலில் அப்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். காது மட்டும் முழித்திருந்தது.

"வேண்டியவர்னு போடு."

"அப்படி ஒரு உறவு கம்ப்யூட்டர்ல இல்லையேடி."

"இல்லன்னா சேத்துக்கோ. நன்றி, வணக்கம்."

போனை வைத்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இந்த நன்றி... மனசுல இருந்தா, மேஜையில இருந்தா?"

"அது மேஜைக்கு," என்றாள். பிறகு அவன் ஈரச் சட்டையின் கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். பேட்டரிக்கு, அப்பாவுக்கு, நனைந்துகொண்டே வந்ததற்கு என்று சொல்ல நிறைய இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"நன்றிங்க... இது உங்களுக்கு."

"தலை துவட்ட அந்தத் தம்பிக்கு ஒரு துண்டு குடு பாப்பா," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.